நவாப் வீடு... சர்க்கார் ஆபீஸ்! சேப்பாக்கம் அரண்மனை பிழைத்த கதை

சேப்பாக்கம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மஞ்சள் ஜெர்சி, விசில் சத்தம், தோனி. கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால் பொங்கல் டெஸ்ட். அரசு வேலை விஷயமாக அலைந்தவர்களுக்கு எழிலகம் நினைவுக்கு வரும்.

ஆனால், அந்தப் பெயரோடு முதலில் வந்த சொத்து ஒரு வீடு. ஆற்காடு நவாப் வாழ்ந்த வீடு. கிரிக்கெட் மைதானம், பொதுப்பணித்துறை வளாகம், எழிலகம் எல்லாமே ஒரு காலத்தில் அந்த வீட்டின் தோட்டம், வாசல், கொல்லைப்புறம்தான். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி கடற்கரைப் பக்கம் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் ஒரு அரண்மனையின் வளாகத்தை ஒட்டி நடக்கிறோம் என்பது தெரியும்? தெரியாததற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அரண்மனையைச் சுற்றி எழும்பிய அரசுக் கட்டடங்கள் அதை அப்படி மறைத்துவிட்டன.

வீடாகப் பிறந்து ஆபீஸாக மாறிய கட்டடங்கள் சென்னையில் நிறைய உண்டு. ஆனால் இந்த அளவுக்கு அடி வாங்கி, ஒருமுறை தீயில் எரிந்து, ஓர் உயிரையும் காவு வாங்கி, மறுபடி எழுந்து நின்ற கட்டடம் இது ஒன்றுதான் இருக்கும்.

கோட்டைக்குள் வராத அரண்மனை

ஆற்காட்டை ஆண்ட நவாப் முகமது அலி வாலாஜா, சென்னைக்கு வந்ததற்குக் காரணம் பாதுகாப்பு. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஆளுக்கொரு வாரிசை ஆதரித்துச் சண்டை போட்ட காலம் அது. வாலாஜா ஆங்கிலேயர் பக்கம். ஆற்காட்டில் உட்கார்ந்திருப்பதைவிட கம்பெனியின் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது என்று அவர் நினைத்தார்.

முதலில் அவர் கேட்டது புனித ஜார்ஜ் கோட்டைக்கு உள்ளேயே இடம். அந்தத் திட்டம் கைகூடவில்லை. கோட்டைக்குள் 'அரண்மனைத் தெரு' என்று ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது. கட்டாத அரண்மனைக்குப் பெயர் வைத்த தெரு என்று அதைச் சொல்லலாம்.

பிறகுதான் கோட்டைக்குத் தெற்கே, கூவத்தைத் தாண்டி, கடலோரமாக நிலம் வாங்கினார். 117 ஏக்கர். 1768-ல் அரண்மனை தயாரானது. 'சே பாக்' என்றால் ஆறு தோட்டங்கள், அதிலிருந்துதான் சேப்பாக்கம் வந்தது என்று ஒரு கதை உண்டு. இல்லையில்லை, பாக்கம் என்று முடியும் கடலோரத் தமிழ்ப் பெயர்களில் இதுவும் ஒன்று என்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு கட்டடங்கள். தெற்கே கலச மஹால். கல்சா மஹால், கலஸ் மஹால் என்றும் எழுதுகிறார்கள். நவாப் வாழ்ந்த மாளிகை, இரண்டு அடுக்கு. வடக்கே ஹுமாயூன் மஹால். தர்பார் நடத்த, விருந்தினர்களைச் சந்திக்க. இது அப்போது ஒரே அடுக்குதான், நடுவில் ஒரு பெரிய கும்மட்டம் இருந்தது. சுற்றிலும் மதில் சுவர். இன்றைய வாலாஜா சாலைப் பக்கம் மூன்று வளைவுகள் கொண்ட நுழைவாயில். அந்தச் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததும் இவரால்தான்.

இந்த அரண்மனையைக் கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்று சொல்லப்படுகிறது. கம்பெனியில் இன்ஜினீயராக வேலைக்கு வந்தவர். ஆனால் அவரைச் சரித்திரம் நினைவில் வைத்திருப்பது இன்ஜினீயராக அல்ல, வட்டிக்குக் கடன் கொடுத்தவராக!

கடனில் மூழ்கிய நவாப்

நவாப்புக்குப் பணத்தட்டுப்பாடு தீராத நோய். கம்பெனி தன் படையை அனுப்பும், அதற்கான செலவை நவாப் தலையில் கட்டும். அதைக் கொடுக்க நவாப் கடன் வாங்குவார். கடன் கொடுப்பவர்களோ அதே கம்பெனியின் ஊழியர்கள். அடமானமாக ஊர்களின் வரி வசூல் உரிமை போகும். கடைசியில் அந்தச் சுமை தஞ்சையிலும் ஆற்காட்டிலும் ஏர் பிடித்தவனின் முதுகில் இறங்கும்.

அந்தக் கடன்காரர்களில் பெரிய புள்ளி பென்ஃபீல்டு. இந்த விவகாரம் லண்டன் பாராளுமன்றம் வரை போய் நாறியது. 1785-ல் எட்மண்ட் பர்க் 'ஆற்காடு நவாப்பின் கடன்கள்' பற்றி நிகழ்த்திய உரை, பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் புகழ்பெற்ற உரைகளில் ஒன்று. அதில் அவர் வறுத்தெடுத்தவர்களில் பென்ஃபீல்டு முக்கியமானவர். அத்தனை பணம் சேர்த்த மனிதர் 1810-ல் பாரிஸில் வறுமையில் இறந்துபோனார் என்பது இந்தக் கதையின் கிளைக்கதை.

வாலாஜா 1795-ல் காலமானார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்த பிறகு, ஆற்காடு நவாப்பும் திப்புவும் ரகசியமாகக் கடிதம் பரிமாறினார்கள் என்று கம்பெனி குற்றம்சாட்டியது. 1801-ல் ஓர் ஒப்பந்தம். ஆட்சி முழுவதும் கம்பெனிக்கு. நவாப்புக்கு வருவாயில் ஒரு பங்கும், பட்டமும், அரண்மனையும் மட்டும்.

அப்படியே அரை நூற்றாண்டு ஓடியது. 1855-ல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்தார். ஜான்சி விஷயத்தில் கேள்விப்பட்டிருப்பீர்களே, டல்ஹவுசி பிரபுவின் 'வாரிசு இல்லையென்றால் நாடு எங்களுக்கு' கொள்கை. ஆற்காட்டில் பறிக்க நாடு மிச்சமில்லை. எனவே பட்டத்தை ஒழித்தார்கள். நவாப்பின் சித்தப்பா அஸீம் ஜா உரிமை கேட்டார், மறுத்துவிட்டார்கள். கடனுக்காக அரண்மனை ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்தது யார்? சென்னை அரசாங்கமேதான்.

குடும்பம் வீட்டைவிட்டு வெளியேறியது. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ஷாதி மஹால் என்ற வீட்டில் கொஞ்ச காலம். பின்னாளில் விக்டோரியா மகாராணி இந்தக் குடும்பத்துக்கு 'ஆற்காடு இளவரசர்' என்ற பட்டத்தைக் கொடுத்தார். பட்டம் கொடுத்தால் இருக்க இடம் வேண்டுமே? ராயப்பேட்டையில் அமீர் மஹாலைக் கொடுத்தார்கள். 1876-ல் குடியேறிய அந்தக் குடும்பம் இன்றும் அங்குதான் வாழ்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமீர் மஹால் 1798-ல் கட்டப்பட்டது வீடாக அல்ல, கம்பெனியின் அலுவலகமாக! நவாப்பின் வீட்டை ஆபீஸாக்கிய அரசாங்கம், ஓர் ஆபீஸை வீடாக மாற்றி அவர் குடும்பத்துக்குக் கொடுத்தது. இரண்டு வேலைகளையும் செய்த கட்டடக் கலைஞரும் ஒருவரே.

சிஷோம் என்ற விக்டோரிய மனிதர்

ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக செனட் ஹவுஸுக்கும் நடந்த வரைபடப் போட்டியில் வென்று, 1865 வாக்கில் சென்னைக்கு வந்தவர். விக்டோரியா காலத்து இங்கிலாந்துக்காரர். ஆனால் லண்டனை அப்படியே கொண்டுவந்து மெரினாவில் வைக்க அவர் விரும்பவில்லை. இங்கே ஏற்கெனவே இருக்கிற கட்டடங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். அவர் பார்த்த முதல் பாடப்புத்தகங்களில் ஒன்று சேப்பாக்கம் அரண்மனை.

வளைவுகள், மினார்கள், கும்மட்டங்கள், செங்கல்லும் சுண்ணாம்பும். இந்தோ-சராசனிக் என்று பின்னால் பெயர் வாங்கிய பாணிக்கு சேப்பாக்கம் அரண்மனையைத்தான் முன்னோடி என்று பலர் சொல்கிறார்கள். உயர் நீதிமன்றம், எழும்பூர் ரயில் நிலையம், செனட் ஹவுஸ் என்று சென்னையின் முகமாக நாம் நினைக்கிற சிவப்புக் கட்டடங்களுக்கு இது பாட்டி முறை.

அரண்மனையை வருவாய் வாரியத்தின் அலுவலகமாக்கும் பொறுப்பு சிஷோமுக்கு வந்தது. அவர் செய்ததை இன்றைய பாதுகாப்பு நிபுணர் யாராவது செய்தால் கேஸ் போட்டிருப்பார்கள். ஹுமாயூன் மஹாலின் நடுக்கும்மட்டத்தை எடுத்துவிட்டு, மேலே ஒரு மாடியை ஏற்றினார். இரண்டு மஹால்களுக்கும் இடையில் உயரமான கோபுரம் ஒன்றை எழுப்பினார். கடலைப் பார்த்தபடி கிழக்கே புதிய முகப்பு கட்டினார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழையது எது, சிஷோம் சேர்த்தது எது என்று முதல் பார்வையில் பிரித்துச் சொல்வது கஷ்டம். அவ்வளவு இயல்பாக ஒட்டவைத்திருக்கிறார். இடிப்பதில் துணிச்சலும் சேர்ப்பதில் மரியாதையும் காட்டிய ஆள்.

வருவாய் வாரியம் என்றால் சும்மா இல்லை. நிலம், வரி, பட்டா, பஞ்ச நிவாரணம் என்று மாகாணத்தின் அடிவயிறே அதன் கையில். நவாப்பின் தர்பாரில் மனு கொடுத்த விவசாயியின் பேரன், அதே கட்டடத்தில் வாரியத்துக்கு மனு கொடுத்தான். 1980-ல் வாரியம் கலைக்கப்படும் வரை அந்தப் பெயர் அந்த வளாகத்தில் ஒலித்தது.

கலச மஹாலுக்கு வேறொரு வாழ்க்கை. 1794-ல் எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளி வளர்ந்து பொறியியல் கல்லூரியானது. அது இயங்கிய இடம் கலச மஹால். 1920-ல் அந்தக் கல்லூரி இடம் மாறியது. எங்கே? கிண்டிக்கு. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமான கிண்டி பொறியியல் கல்லூரி அதுதான். உங்கள் வீட்டில் யாராவது அங்கு படித்திருந்தால், அவர்களின் கல்லூரி ஒரு காலத்தில் நவாப்பின் மாளிகையில் நடந்தது என்று சொல்லிப் பாருங்கள்.

அரண்மனைத் தோட்டத்தின் ஒரு பகுதி 1860-களில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புக்குப் போனது. 1934 பிப்ரவரியில் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியோடு இந்தியா அங்கே முதல் டெஸ்ட் ஆடியது.

அரசாங்கம் குடியிருந்தால் வீடு என்ன ஆகும்?

சுதந்திரத்துக்குப் பிறகு துறைகள் பெருகின. மேஜைகள் பெருகின. கோப்புகள் பெருகின. எழிலகம் போன்ற புதிய கட்டடங்கள் வந்தும் இடம் போதவில்லை. இரண்டு மஹால்களும் அரசு அலுவலகங்களால் நிரம்பி வழிந்தன.

அரசு அலுவலகம் குடிவந்த பழைய கட்டடம் எதையாவது நீங்கள் பார்த்திருந்தால் மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம். உயரமான தர்பார் கூடத்தை ப்ளைவுட் தடுப்புகள் வைத்து எட்டாகப் பிரிப்பார்கள். ஏ.சி. போட வேண்டுமே என்று பொய்க்கூரை தொங்கவிடுவார்கள். இருபது அடி உயர வளைவு அதற்குமேலே மறைந்துபோகும். காற்று வர விட்ட வராந்தாவை அடைத்து ரெக்கார்டு ரூம் ஆக்குவார்கள். சுவரில் ஆணியடித்து வயர் இழுப்பார்கள். அந்த வயர்மேல் இன்னொரு வயர். அதற்குமேல் இன்னொன்று. எங்காவது காரை உதிர்ந்தால், ஒரு மூட்டை சிமென்ட் வாங்கிப் பூசிவிடுவார்கள்.

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. இருக்கிற இடத்தில் வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆபீஸாக இருந்ததால்தான் இந்தக் கட்டடம் 150 வருடம் நின்றது. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்திருந்தால் எப்போதோ இடிந்து, அந்த இடத்தில் பத்து மாடி எழும்பியிருக்கும்.

2012 ஜனவரி 16

பொங்கல் விடுமுறை. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கலச மஹாலில் தீப்பிடித்தது.

யோசித்துப் பாருங்கள். நூறு வருடத்துக்கும் மேலாகக் காய்ந்த மர உத்தரங்கள். மரத் தடுப்புகள். அறை அறையாகக் கோப்புகள். தீக்கு இதைவிட என்ன வேண்டும்? நகரின் பல நிலையங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் வந்தன. வீரர்கள் உள்ளே போனார்கள். அப்போது மேல்தளம் சரிந்தது.

ஒரு தீயணைப்பு நிலைய அதிகாரி உயிரிழந்தார். உள்ளே நுழைந்து தீயோடு போராடிய பெண் கோட்ட அலுவலர் ஒருவர் பலத்த தீக்காயங்களோடு மீட்கப்பட்டார். இன்னும் சிலருக்குக் காயம். பண்டிகை நாள் விடிந்தபோது, கூரை இல்லாமல் கரிந்த சுவர்கள் மட்டும் நின்றன.

உள்ளே இருந்த கோப்புகள் சாம்பலாயின. ஒரு கோப்பு எரிந்தால், அதில் பெயர் இருந்த யாரோ ஒருவர் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். கட்டடம் எரிந்ததைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இடிப்பதா, எழுப்புவதா?

எரிந்த சுவர்கள் நிற்குமா, அவற்றை நம்பலாமா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன என்ற பேச்சு எழுந்தது. பாரம்பரிய ஆர்வலர்கள் பதறினார்கள். மெரினாவில் இப்படி ஒரு சண்டை புதிதல்ல. காவல்துறைத் தலைமை அலுவலகமாக இருக்கிற வெள்ளைக் கட்டடத்தைத் தெரியும்தானே? 1839-ல் ஃப்ரீமேசன்கள் கட்டியது. 1993-ல் அதை இடிக்க முடிவெடுத்தபோது வழக்கு போட்டுத்தான் காப்பாற்றினார்கள். இன்று அதே போலீஸ்தான் அதைப் பெருமையாகக் காட்டுகிறது.

கலச மஹால் விஷயத்தில், மீட்டெடுப்பது என்ற முடிவு ஜெயித்தது. எரிந்தது மரமும் கூரையும்தான். அடிக்கணக்கில் கனமான செங்கல் சுவர்கள் தாக்குப்பிடித்திருந்தன. பொதுப்பணித்துறையே வேலையைக் கையில் எடுத்தது. பாலமும் அணையும் கான்கிரீட்டில் கட்டிப் பழகிய துறை, தன் கொள்ளுத் தாத்தா காலத்துத் தொழிலை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சிமென்ட் ஏன் கூடாது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஏனென்றால், பழைய வீடு வைத்திருக்கிற யாருக்கும் இது பயன்படும்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். தரையிலிருந்தும் மழையிலிருந்தும் சுவருக்குள் ஈரம் ஏறும், அதே வழியில் வெளியே போய்விடும். இதன்மேல் சிமென்ட் பூசினால் அந்த மூக்கைப் பொத்தியது மாதிரி. ஈரம் உள்ளேயே தங்கும். சேப்பாக்கம் கடற்கரை. காற்றிலேயே உப்பு. ஈரத்தோடு சேர்ந்து அந்த உப்பு செங்கல்லுக்குள் போய்ப் படிகமாகி, செங்கல்லை உள்ளிருந்தே பொடியாக்கும். வெளியே பளபளவென்று சிமென்ட் பூச்சு, உள்ளே மாவாகிக்கொண்டிருக்கும் சுவர். பல வருடம் கழித்து ஒருநாள் பாளமாகக் கீழே விழும். 'சிமென்ட் பூசியும் நிக்கலையே' என்பார்கள். சிமென்ட் பூசியதால்தான் நிற்கவில்லை.

அதனால் மீட்பு வேலையின் முதல் கட்டம், சேர்ப்பது அல்ல, நீக்குவது. சிமென்ட் பூச்சு, பொய்க்கூரை, தடுப்புச் சுவர், அடைத்த ஜன்னல், அடுக்கடுக்கான பெயின்ட், சுவருக்குள் வேர்விட்ட அரசமரக் கன்று. வேரை வெட்டினால் மட்டும் போதாது, மறுபடி துளிர்க்கும். உள்ளேயே அதைச் சாகடித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றுவார்கள். கொதித்துப் பொங்கி அடங்கிய பிறகு, அதை நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. பிறகு மணலும், சுர்க்கி எனப்படும் செங்கல் தூளும் சேர்த்து, செக்கு போன்ற ஆலையில் அரைக்க வேண்டும். இதில் ஊற்றுவது வெறும் தண்ணீர் அல்ல. கடுக்காயைத் தட்டிப்போட்டு வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீர். நாள்கணக்கில் புளித்து, அந்த இடமே ஒரு மாதிரி வாசம் அடிக்கும். வெல்லத்தின் சர்க்கரையும் கடுக்காயின் துவர்ப்பும் காரையை மெதுவாக, ஆனால் உறுதியாக இறுகவைக்கும்.

நம் பாட்டிகள் வயிற்றுக்குக் கொடுத்த அதே கடுக்காய்தான்!

இறுகுவது என்பது என்ன? சுட்டபோது கல்லிலிருந்து வெளியேறிய கரியமில வாயுவை, சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. இது ஒரு நாளில் நடக்கும் வேலை இல்லை. மாதங்கள், வருடங்கள். கான்ட்ராக்ட்டில் முடிவுத் தேதி எழுதி வேலை செய்கிறவர்களுக்குச் சுண்ணாம்பைப் பிடிக்காமல் போனதற்கு இதுவே முதல் காரணம்.

கடைசிப் பூச்சுதான் உலகப் புகழ்பெற்ற 'மெட்ராஸ் சுண்ணாம்பு'. கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, முட்டையின் வெள்ளைக்கரு, தயிர், நெய் எல்லாம் சேர்ப்பது பழைய பக்குவம். மெல்லிய அடுக்காகப் பூசி, வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்த வெள்ளைக்காரப் பயணிகள் இதைப் பார்த்துப் பளிங்கு என்றே நினைத்து ஏமாந்திருக்கிறார்கள்.

கூரைக்கு 'மெட்ராஸ் டெரஸ்'. மர உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைச் சாய்வு வரிசையில் நிறுத்திவைத்து, சுண்ணாம்புக் காரையால் பிணைப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கொட்டாப்புளியால் நாள்கணக்கில் அடிப்பார்கள். வரிசையாக உட்கார்ந்து, பாட்டுப் பாடியபடி, தாளம் தவறாமல் அடித்தது பெரும்பாலும் பெண்கள்தான். கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க, தளம் இறுகி நீர் புகாமல் ஆகும். அதற்குமேல் தட்டோடு. சென்னையில் ஐம்பது, அறுபது வருடப் பழைய வீட்டு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்திருந்தால் அந்தத் தட்டோட்டின் குளிர்ச்சி உங்களுக்குத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், இதற்கெல்லாம் ஆள் கிடைப்பதில்லை. சிமென்ட் வந்து ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார்கள் வயதானவர்கள். அவர்கள் பிள்ளைகள் டைல்ஸ் ஒட்டப் போய்விட்டார்கள். அந்தக் காலத்துச் செங்கல்லின் அளவும் வேறு. இன்றைய சூளைச் செங்கல்லை இடையில் வைத்தால் துணியில் ஒட்டுப்போட்ட மாதிரி தனியாகத் தெரியும். எனவே அளவு சொல்லிச் சுடவைக்க வேண்டும். ஒரு பழைய கட்டடத்தை மீட்பதற்குச் செலவு ஏன் அதிகம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பணத்தின் பெரும்பகுதி போவது பொருளுக்கு அல்ல, நேரத்துக்கும் கைவேலைக்கும்.

மறுபடியும் ஆபீஸ்தான்

கலச மஹால் எழுந்து நின்றது. அடுத்த கேள்வி: அதை யாருக்குக் கொடுப்பது? மறுபடி ப்ளைவுட் தடுப்பும் ஸ்டீல் பீரோவும் வந்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

வந்தது ஒரு நீதிமன்றம். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இன்று கலச மஹாலில் இயங்குகிறது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி என்று தென்னகத்தின் ஆறு, ஏரி, கடற்கரை, குவாரி, ஆலைக் கழிவு வழக்குகள் இங்கே வருகின்றன. கூவத்தின் கரையில் நிலம் வாங்கிய நவாப்பின் வீட்டில் உட்கார்ந்து நீர்நிலைகளைப் பற்றி வாதாடுகிறார்கள். இது பொருத்தமான தேர்வு என்றே சொல்ல வேண்டும். விசாரணைக் கூடத்துக்குப் பெரிய, உயரமான அறை வேண்டும். நவாப்பின் கூடங்கள் அப்படித்தான் இருந்தன. எட்டாகப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஹுமாயூன் மஹாலின் நிலைமை நீண்ட காலம் மோசமாக இருந்தது. தீயில் எரியவில்லை, புறக்கணிப்பில் இடிந்தது. கூரையின் பகுதிகள் விழுந்து, மரம் முளைத்து, பக்கத்தில் போகவே பயப்படும் நிலை. கலச மஹாலில் கற்றுக்கொண்ட பாடத்தை வைத்து பொதுப்பணித்துறை அடுத்து இதில் இறங்கியது. கலச மஹாலைவிடக் கடினமான வேலை. அங்கே சுவர்கள் கரிந்திருந்தன, ஆனால் நின்றன. இங்கே பல இடங்களில் எதைத் தாங்கி எதை நிறுத்துவது என்பதே புதிராக இருந்தது. சிஷோம் ஏற்றிய மாடியின் பாரத்தை, அதற்காகக் கட்டப்படாத கீழ்ச்சுவர்கள் ஒன்றரை நூற்றாண்டு சுமந்திருந்தன.

எந்தக் காலத்து வடிவத்துக்குத் திரும்புவது என்ற கேள்வியும் இதில் உண்டு. 1768-ன் கும்மட்டமா, 1870-களின் மாடியா? பொதுவாகப் பாதுகாப்புத் துறையில் பின்னால் சேர்ந்ததையும் வரலாறாகவே கருதுவார்கள். சிஷோமின் மாடிக்கும் இப்போது வயது 150. அதை இடித்து நவாப் காலத்துக் கும்மட்டத்தைக் கற்பனையாகக் கட்டினால், கிடைப்பது பழைய கட்டடம் அல்ல, சினிமா செட்.

மீட்கப்பட்ட ஹுமாயூன் மஹாலில் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. கம்பெனியிடம் கடன் வாங்கி ஆட்சியை இழந்தவரின் தர்பார் மண்டபத்தில் விடுதலைப் போரின் கதை! அருங்காட்சியகம் வந்தால் இன்னொன்றும் நடக்கும். முதலில் ராஜகுடும்பம், பிறகு அரசு ஊழியர்கள், வழக்கறிஞர்கள். வேலை எதுவும் இல்லாமல் சும்மா பார்க்க வருகிறவர்களுக்கு இந்த அரண்மனையில் இதுவரை இடமே இருந்ததில்லை.

உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியிலிருந்து பார்க்கலாம். வாலாஜா சாலையும் காமராஜர் சாலையும் சந்திக்கும் முனையிலிருந்து தெற்கே நடந்தால், மரங்களுக்கும் அரசுக் கட்டடங்களுக்கும் இடையே சிவப்புச் செங்கல்லும் வளைவுகளும் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு மஹால்களுக்கு நடுவே உயரமாக நிற்பது சிஷோமின் கோபுரம். காலை வெயில் கடல் பக்கமிருந்து நேராக அடிக்கும் நேரத்தில் போனால் படமும் நன்றாக வரும். கூடவே, நேரம் இருந்தால் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கும் ஒரு நடை போகலாம். வாலாஜா குடும்பத்தார் 1795-ல் கட்டிய பெரிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. இரும்போ மரமோ இல்லாமல், கருங்கல்லிலேயே கட்டியது.